கர்ப்பத்தின் கனிக்கு ஜெபக் குறிப்பு கொடுக்கும் முன், ஆண்கள் எடுக்கவேண்டிய ஒரு டெஸ்ட்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் எந்த ஐயர், அதாவது சபைப் போதகர், பிரசங்கம் பண்ணினாலும் இரண்டு பகுதிகளைத் தொடாமல் இறங்கமாட்டார். ஒன்று எபேசியர் 5:23, புருஷன் மனைவிக்குத் தலையாயிருக்கிறான் என்பது. இன்னொன்று 128ஆம் சங்கீதம். மனைவி வீட்டோரத்தில் கனிதரும் திராட்சக்கொடி, பிள்ளைகள் பந்தியைச் சுற்றி ஒலிவமரக் கன்றுகள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கனி வரவில்லை என்றால் சபை மொத்தமும் கொடியைத்தான் திரும்பிப் பார்க்கும். தலையிடம் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பிள்ளை இல்லாத கிறிஸ்தவ ஆண் என்ன செய்யவேண்டும், யாரிடம் போகவேண்டும், எதற்குக் காசு கொடுக்கக்கூடாது என்று சொல்ல அப்போது எனக்கு ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் மனைவி படித்து, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்திய பிறகுதான் இதைப் போடுகிறேன்.

சொந்த ஊர் நாசரேத் பக்கம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு வேலை. 2017இல் கல்யாணம். முதல் வருஷம் முடிவதற்குள்ளேயே ‘விசேஷம் ஏதும் உண்டா?’ ஆரம்பித்துவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் பாசக்காரர்கள். ஒருவர் ஜெபித்த எண்ணெய் ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவந்து தந்தார். இன்னொருவர், பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாளின் ஜெபத்தை வேதத்தில் தினமும் வாசிக்கச் சொன்னார். உபவாச ஜெபத்தில் குறிப்பு வாசிக்கும்போது என் மனைவியின் பேரைச் சொல்லி, ‘சகோதரிக்குக் கர்ப்பத்தின் கனி கிடைக்க’ என்பார்கள். என் பேர் அந்தச் சீட்டில் ஒருநாளும் வந்ததில்லை. பக்கத்தில்தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதை. நாங்கள் முதலில் போனது பேர்போன ஒரு மகப்பேறு மருத்துவமனை. தைராய்டு, சர்க்கரை, ஹார்மோன் என்று அவளுக்கு வரிசையாக ரத்தப் பரிசோதனை. மாதாமாதம் கருமுட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன். அப்புறம் கர்ப்பப்பைக் குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எச்எஸ்ஜி எக்ஸ்ரே. அன்றைக்கு வெளியே வந்தவளால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை, ஆட்டோவில் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அதற்கும் மேல், வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி. எல்லாவற்றிலும் ‘நார்மல்’. என்னைப் பற்றி அந்த ஃபைலில் இருந்தது ஒரே ஒரு வரி. ‘ஹஸ்பெண்டுக்கு ஏதும் பிராப்ளம் இல்லையே?’ என்று டாக்டர் அவளைக் கேட்டார், அவள் ‘இல்ல டாக்டர்’ என்றாள், எழுதிக்கொண்டார்கள். முடிந்தது. அந்த ஒரு வரியை நம்பி ஏறக்குறைய இரண்டு வருஷமும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாயும் போயின. காசைவிட, அவள் உடம்பில் தேவையில்லாமல் வைத்த கத்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

இடம் மாற்றிப் பார்ப்போம் என்று போன இன்னொரு டாக்டரம்மா, வயதானவர், தடித்த ஃபைலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், ‘இதுல உங்க ரிப்போர்ட் எங்க?’ அப்படி ஒரு ரிப்போர்ட் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற யாருக்காவது இது ஒன்று போதும். குழந்தையில்லாத தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. அதைக் கண்டுபிடிக்கும் முதல் டெஸ்ட் விந்துப் பரிசோதனை. ஊசி கிடையாது, வலி கிடையாது, பெரும்பாலான லேப்களில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மனைவிக்கு எச்எஸ்ஜி, லேப்ராஸ்கோப்பி என்று யாராவது சொன்னால், ‘முதலில் எனக்கு எடுங்கள்’ என்று நீங்களே கேளுங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம். டெஸ்டுக்கு முன் குறைந்தது 2 நாள், அதிகம் போனால் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டிருக்கவேண்டும். வீட்டில் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேரவேண்டும், லேப் தருகிற டப்பாவில்தான் எடுக்கவேண்டும். டெங்கு, வைரஸ் காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்து இரண்டு மூன்று மாதம் ஆகவில்லை என்றால் உயிரணு (விந்தணு) எண்ணிக்கை குறைவாகக் காட்டக்கூடும். உயிரணு உருவாகி முடிக்கவே 70 நாளுக்கு மேல் ஆகும் என்பதால், இன்றைய ரிப்போர்ட் மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பைத்தான் சொல்லும். ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு கட்டாமல், சில வாரம் விட்டு மறுபடி எடுக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி உயிரணு என்பது கீழ் எல்லை. அதில் அசைகிறவை 42 சதவீதம். இதற்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் இயற்கையாகவே குழந்தை பெற்றவர்கள் உண்டு. எண்ணைப் பார்த்தவுடன் மயங்கி விழவேண்டாம்.

நான் போன லேபில் இதற்கென்று தனி அறை கிடையாது. கவுன்டரில் இருந்த பெண் டப்பாவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, என் பேரை எழுதி, அந்த ஹால் முழுவதும் கேட்கும்படி ‘சார், அந்தக் கடைசி பாத்ரூம்’ என்றது. உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. ஒரு சிவப்பு வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். வெளியே யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தார்கள். சிரிக்கிற விஷயம்தான், ஆனால் அன்று சிரிப்பு வரவில்லை. லேபுக்கு முதலில் போன் போட்டு, தனி அறை உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ரிப்போர்ட்டில் எண்ணிக்கை இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம். கீழே அசூஸ்பெர்மியா என்று ஒரு வார்த்தை, விந்தில் உயிரணுவே இல்லை என்று அர்த்தம். மறுபடி எடுத்தோம், மறுபடியும் பூஜ்யம். பைக்கை ஐகிரவுண்ட் பக்கம் ஓரங்கட்டிவிட்டு, அந்த வார்த்தையை போனில் தேடிப் படித்தேன். அடுத்த ஞாயிறு கோவிலில் எழுந்து நிற்கும்போது, ஆண்கள் பக்கத்து பெஞ்சில் நிற்க எனக்குத் தகுதி உண்டா என்றுகூடத் தோன்றியது. யாருக்கும் தெரியாது, யாரும் பார்க்கவுமில்லை. ஆனாலும் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று ஒரு கூச்சம். வீட்டில் அவளைத் தொடவே பயந்தேன். பல வாரம் அப்படித்தான் போயிற்று.

அந்தப் பயத்தை உடைக்கத் தொடங்கியவர் திருநெல்வேலியில் ஒரு யூராலஜிஸ்ட், சிறுநீர்ப் பாதை மருத்துவர். மகப்பேறு மருத்துவர் மட்டும் போதாது, ஆண் பக்கம் குறை தெரிந்தால் யூராலஜிஸ்ட் அல்லது ஆண்களின் இனப்பெருக்கக் குறையைப் பார்க்கும் ஆண்ட்ராலஜிஸ்ட்டிடம் போகவேண்டும் என்பது அடுத்த பாடம். அவர் முதலில் சொன்னது இதுதான்: தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கு உயிரணு பூஜ்யமாக இருக்கலாம், தாம்பத்தியத்தில் சிரமப்படுகிறவனுக்கு உயிரணு கோடிக்கணக்கில் இருக்கலாம், இரண்டும் வேறு வேறு இலாகா. விந்தில் உயிரணுவின் பங்கு மிகக் கொஞ்சம் என்பதால் வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நூறு ஆண்களில் சுமார் ஒருவருக்கு இப்படி இருக்கும். ‘உங்க ஆபீஸ்ல எத்தனை பேரு?’ என்று கேட்டார். நான் சொன்னதும், ‘அப்ப இன்னொருத்தரும் இருப்பாரு, அவரும் உங்களை மாதிரிதான் வாயத் திறக்கமாட்டாரு’ என்றார்.

பரிசோதித்தபோது இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இருந்த பழைய தழும்பைப் பார்த்து, இது என்ன என்றார். சின்ன வயதில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொன்னேன். எங்கள் அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்வாள். அவர் தலையை ஆட்டினார். விதைப்பைக்குள் இறங்காமல் வயிற்றிலேயே நின்றுபோன விதைகளை இறக்கி வைத்த தழும்பு அது. எனக்கு அப்போது எட்டு வயது. ஆண் குழந்தை வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். குளிப்பாட்டும்போதே தொட்டுப் பார்த்தால் தெரியும். ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டவேண்டும், ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் முடிந்துவிடவேண்டும். ‘வளர வளரச் சரியாகிடும்’ என்று விட்டால் உடம்புச் சூட்டில் அந்தத் திசு கெட்டுப்போகும், பின்னால் புற்றுநோய் அபாயமும் கூடும். எங்கள் அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் அவளுக்கு அதைச் சொன்னவர்கள் யாருமில்லை.

எல்லோருக்கும் என்னைப் போலக் கதவு சாத்தியிருக்காது என்பதையும் சொல்லவேண்டும். விதைப்பை ரத்தக்குழாய் சுருண்டு வீங்கும் வெரிகோசீல் மிகச் சாதாரணம், சிலருக்கு அறுவை சிகிச்சையில் எண்ணிக்கை ஏறும். உயிரணு வெளியே வரும் குழாயில் அடைப்பு இருந்தால் உள்ளே உயிரணு உற்பத்தி நன்றாக இருக்கும், ஊசியில் எடுத்து, அதைக் கருமுட்டைக்குள் நேராகச் செலுத்தும் இக்ஸி முறையில் குழந்தை பெறலாம். உயிரணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்தால் அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்பது ஓரளவு தெரிந்துவிடும். எனக்கு எஃப்எஸ்ஹெச் மிக அதிகம். உற்பத்தியில்தான் குறை என்றார்.

இதற்கு நடுவில் காசு போன வழிகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூட வேலை பார்க்கும் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் ரிப்போர்ட்டைப் பிரிக்கக்கூட இல்லை, நாடி பிடித்து, இளமைக்காலத் தப்பு என்று ஒரு பிரசங்கம் வைத்து, லேகியம், சூரணம், எண்ணெய் என்று இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்குக் கட்டிக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஜிம் நண்பன் ஒருவன் ‘டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடு, ஆம்பளத்தனம் தானா ஏறும்’ என்றான். அதை மட்டும் யூராலஜிஸ்ட்டிடம் கேட்டது நல்லதாயிற்று. வெளியிலிருந்து அந்த ஹார்மோனை ஏற்றினால் உடம்பு உயிரணு உற்பத்தியையே நிறுத்திவிடும். கட்டுமஸ்தான உடம்போடு பூஜ்ய ரிப்போர்ட் கொண்டுவரும் பையன்களை அவர் அடிக்கடி பார்க்கிறாராம். உங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஜிம்முக்குப் போகிறவர்கள் இருந்தால் இதை அவர்கள் காதில் போடுங்கள்.

அப்புறம் ஜெபக் கூட்டங்கள். எங்கள் சேகரத்து ஐயரைச் சொல்லவில்லை, அவர் வந்து அமைதியாக ஜெபித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். நான் சொல்வது வேறொரு ஊழியர். தலையில் கை வைத்துக்கொண்டே, பரம்பரைச் சாபம் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன் ரகசியப் பாவம் ஏதாவது உண்டா, அறிக்கை பண்ணு என்றார், என் மனைவி பக்கத்தில் இருக்கும்போதே. பிறகு விசுவாசக் காணிக்கையாக ஐம்பதாயிரம் விதைக்கச் சொன்னார். முப்பது கொடுத்தோம். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை அடுத்து வருவதற்குள் பிள்ளையோடு வருவாய் என்று தேதியே குறித்தார். அந்த அசனமும் வந்தது, வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், அவ்வளவுதான். நான் விசுவாசி. இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்காமலே உன் பாவத்தைத் தேடுகிறவரிடமும், தேதி குறித்துக் காசு கேட்கிறவரிடமும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். போவதென்றால் தனியாகப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் வந்த அன்றைக்கே அவளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், ‘அத்தான், யாருட்டயும் சொல்லாண்டாம். என் பேர்லயே இருந்துட்டுப் போட்டும். பொம்பளய சொன்னா ரெண்டு நாள் பேசுவாக, ஆம்பளய சொன்னா ஆயுசுக்கும் பேசுவாக.’ அவள் அன்பில்தான் சொன்னாள். ஆனால் ராத்திரி முழுக்க அது என்னைக் குடைந்தது. நான் தலை என்று பீடத்துக்கு முன் நின்று ஒப்புக்கொண்டவன். 23ஆம் வசனத்தைப் பிடித்துக்கொள்ளும் நம்மில் பலர் 25ஆம் வசனத்துக்கு வருவதற்குள் புத்தகத்தை மூடிவிடுகிறோம். கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியில் அன்புகூரு என்று அங்கே இருக்கிறது. என்னை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கும்போது என் பழியை அவள் தலையில் விட்டுவைப்பது எந்தக் கணக்கில் சேரும்? வேதத்தில் எல்க்கானா தன் மனைவி அன்னாளிடம், பத்துக் குமாரரைப் பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா என்று கேட்கிறான். அவன் நல்ல புருஷன்தான், ஆனால் அவனுக்கு இன்னொரு மனைவி பெனின்னாள் மூலம் பிள்ளைகள் இருந்தார்கள், அவனால் அப்படிக் கேட்க முடிந்தது. எனக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு வீட்டிலும் நானே சொன்னேன். மாமா, அதாவது அவளுடைய அப்பா, ரிப்போர்ட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ‘சரி மாப்ள, சாப்பிட்டியளா?’ என்றார். அதற்கு மேல் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் அம்மா நம்பவில்லை. ‘எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் கெடையாது, லேப்புக்காரன் மாத்திக் குடுத்திருப்பான்’ என்று சண்டைக்கே வந்துவிட்டாள். பல மாதம் என் மனைவியிடம் சரியாகப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் வீடு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்துச் சொல்லாதீர்கள். உடனே லேசாகாது. சொல்லும்போது மனைவியைக் கூட வைத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள், முதல் கோபம் அவள்மேல் பாயாமல் இருக்கும். யாருக்கெல்லாம் சொல்வது என்பதையும் அவளோடு பேசி ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். தெருவுக்கெல்லாம் அறிக்கை வைக்க அவசியமில்லை, அவளைப் புண்படுத்தக்கூடிய இடத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் போதும். எங்கள் வீட்டில் ஒன்று மட்டும் உடனே நடந்தது. நான் அவளைத் தொடப் பயந்ததும், அவள் என்னிடம் அழப் பயந்ததும் ஒரே வாரத்தில் போய்விட்டன.

கோவிலில் தந்தையர் தினம் வந்தது. ஜூன் மூன்றாம் ஞாயிறு. தகப்பன்மார் எல்லோரும் எழுந்து முன்னால் வாருங்கள் என்றார்கள். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பேனாவும் சாக்லேட்டும் கொடுத்தார்கள். ஆண்கள் பக்கம் மிஞ்சியது வாலிபப் பையன்களும், நானும், ஓய்வு பெற்ற வாத்தியார் சார்வாள் ஒருவரும்தான். அவருக்கும் பிள்ளைகள் கிடையாது. எழுபதைத் தாண்டியவர். ஆராதனை முடிந்து, ‘தம்பி, வாங்க, டீ குடிப்போம்’ என்று கூட்டிப்போனார். கடையில் ரொம்ப நேரம் பேசவில்லை. ஏசாயா ஐம்பத்தாறு வாசித்ததுண்டா என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அண்ணகன், அதாவது பிள்ளை பெற முடியாதவன், இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக என்று இருந்தது. அவனுக்குத் தம் ஆலயத்துக்குள்ளே குமாரர் குமாரத்திகளைக் காட்டிலும் உத்தமமான இடத்தைக் கொடுப்பதாகக் கர்த்தர் சொல்கிறார். பிறந்ததிலிருந்து கோவிலுக்குப் போகிறேன், அந்த அதிகாரத்தை வைத்து ஒரு பிரசங்கமும் கேட்ட ஞாபகம் இல்லை. சாராள், ரெபெக்காள், ராகேல், அன்னாள், எலிசபெத்து என்று பெண்கள் கதைகளைத்தான் நமக்குச் சொல்கிறார்கள், எல்லாம் பிள்ளை பிறந்து முடிகிற கதைகள். பிள்ளை பிறக்காமலே ஆசீர்வதிக்கப்பட்ட ஆண் வேதத்தில் இருக்கிறான் என்பது எனக்கு டீக்கடை வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

கொரோனா ஒரு வருஷத்துக்கு மேல் தின்றது. பிறகு 2021இல் சென்னையில் மைக்ரோ டீசி செய்தோம். மைக்ராஸ்கோப் வைத்து விதைத் திசுவில் எங்காவது உயிரணு ஒட்டியிருக்கிறதா என்று தேடும் அறுவை சிகிச்சை அது. தங்குமிடம், லீவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த வழியில் போகிறவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். முதலில் குரோமோசோம் பரிசோதனையும், ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையும் எடுங்கள். குறிப்பிட்ட சில பகுதிகள் விடுபட்டிருந்தால் உயிரணு கிடைக்க வாய்ப்பே இல்லை என்றே சொல்லிவிடுவார்கள், அறுவை சிகிச்சைச் செலவு மிச்சம். அடுத்தது, சில இடங்களில் அதே மாதம் மனைவிக்கும் கருமுட்டை ஊசிகளைத் தொடங்கிவிடுவார்கள். ஆணிடம் ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த ஊசிச் செலவும் அவள் பட்ட பாடும் வீண். முதலில் எனக்குச் செய்யுங்கள், கிடைத்தால் உறைய வைத்துவிட்டு அவளுக்குத் தொடங்குங்கள் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். அதில் குறைந்தது லட்ச ரூபாய் தப்பியது.

அதே ஆஸ்பத்திரியில் கவுன்சிலர் என்று உட்கார்ந்திருந்தவர், தானம் பெற்ற விந்து வைத்துச் செய்துவிடலாம், வெளியில் யாருக்கும் தெரியாது என்று தட்கல் டிக்கெட் எடுத்துத் தருகிற மாதிரி சொன்னார். செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021ஆம் வருஷ ஏஆர்டி சட்டம் வந்த பிறகு பதிவு பெற்ற விந்து வங்கியிலிருந்துதான் எடுக்க முடியும், கணவன் மனைவி இருவரும் எழுத்தில் சம்மதிக்கவேண்டும், பிறக்கும் குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியின் குழந்தை. அதைத் தேர்ந்தெடுக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், சபைகளுக்குள் அதில் இரண்டு கருத்து உண்டு. நாங்கள் வேண்டாம் என்று வந்ததற்கு வேதவசனம் காரணமில்லை. ஒரு ரகசியத்தை ஆயுள் முழுவதும் காக்க எங்கள் இருவருக்கும் தெம்பு இல்லை.

தத்து எடுக்கப் போகிறோம் என்றதும் சபையில் பெரியவர்கள் சிலர், ‘நமக்குத்தான் தத்துச் சட்டமே கெடையாதே’ என்றார்கள். அவர்கள் சொல்வது பழைய கதை. 1956ஆம் வருஷ இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது, அதனால் 1890ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் கார்டியனாக மட்டும் இருக்கலாம் என்ற நிலை ரொம்ப காலம் இருந்தது. பிறகு சிறார் நீதிச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் வழி திறந்தது. 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இப்போது 2015ஆம் வருஷச் சட்டப்படி கிறிஸ்தவத் தம்பதி எடுக்கும் குழந்தைக்குப் பெற்ற பிள்ளைக்குரிய எல்லா உரிமையும் உண்டு. தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்கவேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85க்கு மேல் போகக்கூடாது. சிகிச்சை, ஜெபம் என்று பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையைக் கோர்ட்டுக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார். காத்திருப்பு மூன்று வருஷத்துக்கு மேல் போகிறது, அதனால் சிகிச்சை நடக்கும்போதே இதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுங்கள். அவசரத்தில் ‘தெரிந்த நர்ஸ் இருக்கிறார், மூன்று லட்சம், கையோடு பர்த் சர்டிபிகேட்’ என்று வருகிறவர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். எங்களிடமும் ஒருவர் வந்தார். 2019இல் ராசிபுரத்தில் பிடிபட்டது இதே வியாபாரம்தான். குழந்தையை விற்கிறவர், வாங்குகிறவர் இருவருக்கும் ஐந்து வருஷம் வரை சிறை, லட்ச ரூபாய் அபராதம்.

2022 கடைசியில் பதிந்தோம். வீடு பார்க்க வந்த சமூகப் பணியாளர், ‘சார், நீங்க ஏன் அப்பாவாகணும்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டார். யாரும் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. உளறினேன். பிறகு யோசித்தபோது யோசேப்பு ஞாபகம் வந்தார். தன் ரத்தமில்லாத பிள்ளைக்குப் பேர் வைத்தார், அதைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார், தொழிலும் கற்றுக் கொடுத்திருப்பார். நாலு சுவிசேஷத்திலும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. நம் ஆண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் தாவீதும் கோலியாத்தும் வருகிற அளவுக்கு அவர் வருவதில்லை, கிறிஸ்மஸ் நாடகத்தில் தாடி ஒட்டிக்கொண்டு நிற்பதோடு சரி. எங்கள் அம்மாவிடம் கடைசியில் எடுபட்டதும் இந்தப் பேச்சுதான். ‘ஆமா, அவரும் வளத்த தகப்பன்தானே’ என்றாள். இப்போது அவள்தான் அடிக்கடி, ‘லிஸ்ட்ல எத்தனாவது இருக்கிய?’ என்று கேட்கிறாள்.

போன வருஷம் ஆண்கள் ஐக்கிய சங்கத்தில் ‘கிறிஸ்தவக் குடும்பத் தலைவன்’ என்று ஒரு கூட்டம். எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். இந்த டெஸ்டைப் பற்றித்தான் பேசினேன், என் ரிப்போர்ட்டையும் சொன்னேன். செயலாளர் இருமிக்கொண்டே இருந்தார். முடித்ததும் யாரும் கேள்வி கேட்கவில்லை, நேராக முடிவு ஜெபத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்த வாரம் ராத்திரிகளில் போன் வந்தது. மொட்டைமாடியில் நின்றுகொண்டு மெதுவாகப் பேசுகிற குரல்கள். ஒரு தம்பிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், மனைவிக்கு அடுத்த வாரம் லேப்ராஸ்கோப்பி என்றான். அதைத் தள்ளிப்போடச் சொன்னேன். லேப் பேரைக் குறித்துக்கொண்டான், இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் இடைவெளி என்பதைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான். ‘அண்ணே, அங்க தாழ்ப்பாள் உண்டா?’ என்று கேட்டான். உண்டு என்றேன்.